எங்கேஜ் எல்லா இடத்திலும் 'பரஸீத்' ஆகாது

ஆங்கில இராணுவ உரையில் 'எங்கேஜ்' (engage) என்ற வினைச்சொல் வந்தால், ரஷ்ய மொழிபெயர்ப்பில் கண்ணை மூடிக்கொண்டு 'பரஸீத்' போடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு. பரஸீத் என்றால் அடி விழுந்துவிட்டது, இலக்கு சேதமடைந்துவிட்டது என்று பொருள். எங்கேஜ் அதைச் சொல்வதில்லை. ஒரு விமானத்தின் மீது 2 ஏவுகணை விட்டு இரண்டும் தவறினாலும் அது எங்கேஜ் செய்யப்பட்ட இலக்குதான். வான்பாதுகாப்பு அறிக்கையில் இதற்கு 'அப்ஸ்த்ரில்யாத்' (சுட்டுத் தாக்குதல்) என்று எழுத வேண்டும். பரஸீத் என்று எழுதினால், சுட்ட கணக்கெல்லாம் வீழ்த்திய கணக்காகிவிடும். இந்தக் குழப்பம் நிறையவே நடக்கிறது.

எதிரிப் படையோடு மோதலில் இறங்குவது என்றால் 'வ்ஸ்துபீத் வ் போய்'. மோதலிலிருந்து விலகுவது 'வீய்தி இஸ் போயா'. துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைப் போடுவதற்கும் ஆங்கிலத்தில் எங்கேஜ்தான். ரஷ்யனில் 'பஸ்தாவித் ந ப்ரெதஹ்ரனீத்தெல்'. கவச வண்டியில் கியர் போடுவது 'வ்க்ளுச்சீத்'.

அப்படி எழுதியவரின் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் புரிகிறது. ஏவுகணை அமைப்பின் 'எங்கேஜ்மென்ட்' எல்லையை (அது தாக்கக்கூடிய பரப்பை) ரஷ்யர்கள் 'ஸோனா பரஷேனியா' என்பார்கள். அந்தப் பெயர்ச்சொல்லில் 'பரஸீத்'தின் வேர் வருவது சரி. அதை வைத்து வினைச்சொல்லையும் முடிவு செய்யக்கூடாது. சொல்வது செயலையா, விளைவையா என்று வாக்கியத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.