ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்துத் தட்டு

போன மாதம் எங்கள் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் தன் புதிய சிறுகதைத் தொகுப்பின் அட்டைப் படத்தை முகநூலில் போட்டார். 260 லைக். நூற்றுச் சொச்சம் ‘வாழ்த்துகள் தோழர்’. வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் கோவில்பட்டியிலிருந்து அரை மணி நேரத்தில் பஸ்ஸில் வந்துவிடக்கூடியவர்கள். பலர் எனக்கே பழகிய முகங்கள். ‘நம்ம கடையில் 5 பிரதி இருக்கிறது’ என்று நானும் கீழே எழுதிவைத்தேன். இன்று வரை விற்றது ஒன்றே ஒன்று. அதை வாங்கியவருக்கு முகநூல் கணக்கே கிடையாது.

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நடத்துவது ஸ்டேஷனரி கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பள்ளிக்கூட நோட்டு, பத்தாம் வகுப்பு கைடு, இதுதான் வியாபாரம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜியாமெட்ரி பாக்ஸ் அடுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் காலி செய்து, கோவில்பட்டியைச் சுற்றிய இந்தக் கரிசல் மண் வட்டாரத்தில் எழுதுகிறவர்களின் புத்தகங்களை வைத்தேன். விற்றால் 20 சதவீதம் எனக்கு, மீதி எழுதியவருக்கு. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கையில் பணம். விற்காவிட்டால் தூசி தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதுவரை 214 பிரதி போயிருக்கிறது. பெரிய புத்தகக் கடைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 300 பிரதி அச்சடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், 214 என்றால் என்ன என்று சொல்வார்கள்.

முதல் பிரதி விற்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டா நகல் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்), மெஷின் ஓடுகிற நேரத்தில் சும்மா நிற்காமல் ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னட்டையில் எழுதியவரின் ஊர்ப் பெயர் போட்டிருந்தது. “என்ன அண்ணாச்சி, இது எங்க ஊருக்கு அடுத்த ஊர்ல்லா? யார் வீட்டுப் பையன்?” என்றார். சொன்னேன். “அட, அவன் அப்பாவும் நானும் ஒண்ணா உளுந்து ஏத்திட்டுப் போயிருக்கோமே” என்று 130 ரூபாயை எடுத்து வைத்துவிட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. வெளியூர்க்காரர்கள் ‘வட்டார இலக்கியம்’ என்று முத்திரை குத்துகிறார்களே, அது அவர்களுக்குத் தனி அலமாரி. அந்தச் சம்சாரிக்கு அது விலாசம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: உள்ளூர் எழுத்தாளரை ஆதரிப்பது என்றால் அவர் புத்தகம் உள்ளூரில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு நம் கதி என்ன? நம் ஊர் ஓடையைப் பற்றி, நம் ஊர் மொச்சைக் காட்டைப் பற்றி ஒருவர் எழுதினால், அது சென்னைக்குப் போய் அச்சாகி, கூரியரில் 50 ரூபாய் கூடுதலாகக் கட்டி நமக்கே திரும்பி வருகிறது. பருத்தியை மில்லுக்குக் கொடுத்துவிட்டு வேட்டியை வெளியூர் ஜவுளிக்கடையில் வாங்குகிற கதை.

எழுத்துக்குப் பஞ்சம் வந்த மண் இல்லை இது. கோவில்பட்டியைச் சுற்றி மட்டும் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர்களை எண்ணுங்கள். 1970இல் கு. அழகிரிசாமி, 1991இல் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணன், 2014இல் பூமணி, 2019இல் சோ. தர்மன். இதில் முதல் இருவரும் இடைசெவல் என்கிற ஒரே கிராமம். ஒரே வருடம், 1923இல் பிறந்தவர்கள். இடைசெவல் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் எனக்குத்தான் வருத்தம். கி.ரா. 2021இல் காலமான பிறகு அரசு கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் கட்டியது. நல்ல காரியம். ஆனால் அவர் தன் கடைசி முப்பது வருடத்தைக் கழித்தது புதுச்சேரியில். அங்கே பல்கலைக்கழகம் கூப்பிட்டு நாட்டார் கதைகளைத் தொகுக்கிற வேலை கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அப்புறம், கி.ரா.வைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு பெயரை விட்டுவிடுகிறார்கள். கவிஞர் மீரா. சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்துகொண்டே ‘அன்னம்’ பதிப்பகத்தை நடத்தியவர். சென்னையில் இருந்தால்தான் பதிப்பாளர் என்ற காலத்தில், சிவகங்கையில் உட்கார்ந்துகொண்டு கரிசல்காட்டு எழுத்தை அச்சில் ஏற்றினார். கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்குக் கி.ரா. ஓர் அகராதியே போட்டாரே, அதை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் செய்து கொடுக்கவில்லை. சம்சாரியான அவரே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொல் சொல்லாகப் பொறுக்கியது. அதோடு நிற்காமல், இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்களின் கதைகளைத் திரட்டித் தொகுப்பாகவும் கொண்டுவந்தார். ஒரு மூத்தவர் தன் பெயரின் நிழலில் பத்து இளையவர்களை நிற்க வைப்பது, சிவகங்கையில் ஒரு பதிப்பாளர் அதற்குக் கைக்காசு போடுவது. இரண்டும் சேர்ந்து நடந்ததால்தான் கரிசல் எழுத்து என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஆசிரியர் வேலைக்குப் படித்துவிட்டு டியூஷன் எடுக்கிறவன், தன் முதல் புத்தகத்துக்கு ஒரு பதிப்பகத்திடம் 25,000 ரூபாய் கட்டினான். நூறு பிரதி வந்தது. மீதி எங்கே, எத்தனை அச்சானது, ராயல்டி என்ன என்று கேட்டால் போனை எடுப்பதில்லை. வெளியீட்டு விழாவுக்கு மண்டப வாடகை, மைக் செட், டீ, வடை என்று இன்னும் ஒன்பதாயிரம். விழாவில் அவனுக்குப் போட்ட சால்வைகள் 22. அன்று விற்ற புத்தகம் 17. சால்வை கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் மரியாதைக்காக ஒரு பிரதி இலவசம். அந்தச் சால்வைகளை அவன் அம்மா பீரோவில் மடித்து வைத்திருக்கிறார்கள். இந்த வெயிலில் யார் போர்த்த?

அதற்காக, உள்ளூர்க்காரர் எழுதிவிட்டார் என்பதற்காகவே வாங்குங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். என் தட்டில் எல்லாப் புத்தகத்தையும் வைப்பதும் இல்லை. முதல் இருபது பக்கம் படிப்பேன். ஓடவில்லை என்றால் “தம்பி, இன்னொரு தடவை உட்கார்ந்து பாரு” என்று சொல்லிவிடுவேன். இரண்டு பேர் இதனால் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. ஒருவரை ஒருவர் தூக்கிப் பேசிக்கொண்டே இருந்தால் எல்லாருக்கும் தோள்தான் வலிக்கும்.

உள்ளூரில் படிக்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை பற்றிய கதை ஒன்று ஒரு தொகுப்பில் இருந்தது. அதில் பதினொரு வயசுப் பெண் பிள்ளை தீக்குச்சி முனையை மருந்தில் முக்குகிற வேலை செய்கிறாள். விமர்சனம் எழுதிய இரண்டு பேரும் அந்தப் பகுதியை எடுத்துப் போட்டு உருகியிருந்தார்கள். நோட்டு வாங்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அதை வாங்கிப் போனாள். மறு வாரம் தன் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தி வாசிக்கக் கேட்டிருக்கிறார். கடைப் படியில் நின்றபடியே கேட்டார்: “இத எழுதுனது யாருய்யா? எங்க ஆபீஸ்ல மருந்து முக்குறது ஆம்பளைக வேல. பொம்பளப்பிள்ளைகளை அந்தப் பக்கமே விட மாட்டாக. நாங்க குச்சி அடைப்போம், பெட்டி ஒட்டுவோம். விரல் எல்லாம் பசை காஞ்சு வெள்ளையா உரியும், சோறு பிசையும்போது எரியும். அத எழுதலையே.”

நான் அங்கிருந்தே அந்த எழுத்தாளருக்குப் போன் போட்டு ஆச்சியிடம் கொடுத்தேன். இருபது நிமிடம் பேசினார்கள். இரண்டு பேர் ஜெராக்ஸுக்குக் காத்திருந்து போய்விட்டார்கள், போகட்டும். இரண்டாம் பதிப்பில் அந்தப் பிள்ளை பெட்டி ஒட்டுகிறாள். பசையும் இருக்கிறது, சோறு பிசையும்போது விரல் எரிவதும் இருக்கிறது. எந்த விமர்சகரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. புத்தகம் சென்னை அலமாரியிலேயே இருந்திருந்தால் ஆச்சியின் காதுக்கு அது வந்திருக்கவும் போவதில்லை.

நூலகம் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். 1948ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு. நாம் காசு கட்டுகிற கிளை நூலகத்தில் நம் ஊர்க்காரர் எழுதியது இருக்கிறதா என்று கேட்பதில் என்ன கூச்சம்? நான் கேட்டேன். அங்கே இருந்த அம்மா, “யாரும் கேட்டதில்லையே சார்” என்றார்கள். வாங்குகிற அதிகாரம் அவர்கள் கையில் இல்லை, ஆனால் அன்பளிப்பாக வந்தால் பதிந்து வைக்கிறேன் என்றார்கள். தட்டிலிருந்து ஆறு புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஆறுக்கும் எழுதியவர்களுக்கு என் பையிலிருந்து காசு கொடுத்துவிட்டேன். என் வீட்டம்மாவுக்கு இது தெரியாது. இந்தப் பதிவை அவளுக்கு யாரும் அனுப்பாமல் இருந்தால் நல்லது.

சித்திரைக்குப் பிறகு நோட்டு சீசன் ஆரம்பித்துவிடும். அப்போது அந்தத் தட்டையும் லாங் சைஸ் நோட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று கடைப் பையன் போன வருடமே கேட்டான். இந்த வருடமும் கேட்பான். முதலில் சொன்ன தொகுப்பில் இன்னும் 4 பிரதி இருக்கிறது. 150 ரூபாய். கடை ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.