அப்பா எழுதாமல் விட்ட சொல்

போன வாரம் இணையத்தில் மகளுக்கு ஒரு நாற்காலி வாங்கப் போனேன். வீட்டு இலக்கம், தெரு, எங்கள் ஊர் ஹரோ, போஸ்ட்கோட் எல்லாம் கொடுத்தாயிற்று. அப்புறம் 'கவுண்டி' என்று ஒரு கட்டம், எங்கள் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு, நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. கை தன்பாட்டில் மிடில்செக்ஸ் என்று அடித்தது. பின்னால் நின்ற மகள், "அப்பா, அப்பிடி ஒரு இடமே இல்லை" என்றாள்.

சரிதான். 1965 ஏப்ரல் 1ஆம் திகதியோடு மிடில்செக்ஸ் கவுன்சில் கலைக்கப்பட்டுவிட்டது. பெரும்பகுதி கிரேட்டர் லண்டனுக்குள் போனது. ஸ்டெயின்ஸ், சன்பரி பக்கம் சரே என்ற பக்கத்துக் கவுண்டிக்கும், பொட்டர்ஸ் பார் ஹார்ட்ஃபர்ட்ஷயர் கவுண்டிக்கும் போயின. நான் 1990இல் இலங்கையிலிருந்து வந்து இறங்கியபோது கவுண்டி போய் இருபத்தைந்து வருடம். ஆனால் முதன்முதலில் எனக்கு ஒருவர் ஒரு துண்டில் எழுதித் தந்த விலாசத்தில் அந்தப் பெயர் இருந்தது, நானும் அதை அப்படியே வீட்டுக்கு எழுதினேன்.

அப்பா அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கடிதத்தை முத்திரை ஒட்ட நீட்டும்போது தபால் கந்தோரில் இருக்கும் பிள்ளை விலாசத்தை வாசிக்குமாம். அந்தப் பெயரின் கடைசிப் பாதியைப் பார்த்து அது என்ன நினைக்கும் என்று அவருக்குக் கூச்சம். முதல் இரண்டு கடிதத்தில் 'மிடில்.' என்று எழுதிப் புள்ளி வைத்தார். மூன்றாவதிலிருந்து அந்தச் சொல்லே கிடையாது. தெரு, ஹரோ, போஸ்ட்கோட், இங்கிலாந்து, அவ்வளவுதான். ஒரு கடிதமும் தவறவில்லை. 1996இல் இங்கத்தைய தபால் சேவையான ரோயல் மெயிலே விலாசத்தில் கவுண்டி தேவையில்லை என்று விட்டுவிட்டது. அப்பா அவர்களை முந்திக்கொண்டார்.

அந்தப் பெயரின் கடைசிப் பாதியில் இருப்பது சக்சன் என்ற பழைய இனத்தின் பெயர் என்று பிறகு எழுதி விளக்கினேன். கிழக்கு சக்சன் எசெக்ஸ், தெற்கு சக்சன் சசெக்ஸ், நடுவில் இருந்தவர்கள் மிடில்செக்ஸ். பதிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று படுகிறது. மிடில்செக்ஸை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது தபால் உறைதான். டொட்டனம் 1965 வரை மிடில்செக்ஸில் இருந்த ஊர். ஆனால் அதன் தபால் விலாசம் எப்போதோ லண்டன் என்று ஆகிவிட்டது, போஸ்ட்கோட் என்17. இன்று டொட்டனம்காரரிடம் போய் நீங்கள் மிடில்செக்ஸா என்று கேட்டால் சிரிப்பார்கள், அவர்கள் வட லண்டன். ஈலிங்கும் அப்படித்தான். அதே கவுண்டியில் இருந்த ஹரோ, வெம்ப்ளி, சவுத்தோல், என்ஃபீல்ட் எல்லாம் விலாசத்தில் மிடில்செக்ஸ் என்று எழுதிய ஊர்கள். அங்கேதான் இன்றைக்கும் கடைப்பலகையில், பழைய ஆட்களின் வாயில் அந்தப் பெயர் கிடக்கிறது. ஸ்டெயின்ஸ் இன்னும் விசித்திரம். வரி கட்டுவது சரேக்கு, கடிதத்தில் எழுதுவது மிடில்செக்ஸ்.

உண்மையில் அந்தக் கவுண்டிக்கே தன் வீடு எது என்பதில் குழப்பம்தான். 1889இல் லண்டன் தனிக் கவுண்டியானபோது வெஸ்ட்மின்ஸ்டர் அதற்குள் போய்விட்டது. மிடில்செக்ஸ் கவுன்சிலோ கடைசிவரை வெஸ்ட்மின்ஸ்டரில்தான் கூடியது. அந்தக் கட்டடத்தில் 2009 முதல் நாட்டின் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணி விளையாடும் லோர்ட்ஸும் அதே 1889இல் லண்டனுக்குப் போன நிலம்தான். சொந்த எல்லைக்கு வெளியே இருந்தே ஆண்டதும் விளையாடியதும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். எண்பது தாண்டிய ஆங்கிலேயர். மே 16 வந்தால் வாசலில் சிவப்புக் கொடி ஏற்றுவார், மூன்று வளைந்த வாளும் மேலே ஒரு முடியும் போட்டது. 1811இல் ஸ்பெயினில் நடந்த அல்புவேரா சண்டையில் மிடில்செக்ஸ் படை நின்றுபிடித்த நாள் அது. நான் லண்டனில் இருக்கவில்லை, மிடில்செக்ஸில் இருக்கிறேன் என்று அழுத்திச் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இந்த 'லண்டன் இல்லை' என்பதற்குள் எங்களைப் போல வந்தேறியவர்களும் அடங்குகிறோமோ என்று. ஒரு பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் கிண்ணத்தைக் கழுவி, உள்ளே தோட்டத்து ஆப்பிள் வைத்துத் திருப்பித் தந்தார். பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டேன். அவருடைய பாசம் உண்மையானது. ஆனால் அவருக்குப் பிறகு அந்தத் தெருவில் கொடி ஏற்ற ஆள் இல்லை. அவருடைய பேரனே தன்னை வடமேற்கு லண்டன் என்றுதான் சொல்கிறான்.

ரட்லண்ட் என்று ஒரு சின்னக் கவுண்டி. 1974இல் அதைத் தூக்கி லெஸ்டர்ஷயரோடு சேர்த்தார்கள், 1997இல் தனிக் கவுன்சிலாகத் திரும்பி வந்தது. மிடில்செக்ஸுக்கு அது நடக்காது என்றுதான் நினைக்கிறேன். கவுன்சில் கலைவதற்கு முன்பே லண்டனிலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயில் போன வழியெல்லாம் ஒரே மாதிரி வீடுகள் எழும்பி, வயலும் கிராமமும் மறைந்துவிட்டன. பெயர் போய் ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

நான் கரவெட்டி. இங்கே யாராவது ஊர் எது என்று கேட்டால் வடமராட்சி என்பேன். அப்படி ஒரு மாவட்டம் கிடையாது, மாவட்டம் யாழ்ப்பாணம். ஆனால் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தம் இருக்கிறது, செல்வச்சந்நிதிக் கோயில் அன்னதானம் இருக்கிறது. கலியாணப் பேச்சில் தரகர் கேட்கும் இரண்டாவது கேள்வி, வடமராட்சியோ என்பதுதான். வாயைத் திறந்த இரண்டாவது வசனத்தில், நீங்கள் வடமராட்சியோ என்று பிடித்துவிடுவார்கள். மிடில்செக்ஸ்காரர் என்று பேச்சை வைத்து யாராவது யாரையாவது பிடித்ததை நான் இதுவரை கேட்டதில்லை.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலைப் பாருங்கள். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் லண்டன் ஹரோவை வதிவிடமாகவும் கொண்ட என்று வரும். முப்பது வருடம் மிடில்செக்ஸ் என்று விலாசம் எழுதியவருக்கும் அப்படித்தான் போடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் போடுவார்கள், குறை ஒன்றும் இல்லை.

நாற்காலி வியாழக்கிழமை வந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தேன். பெயர், தெரு, ஹரோ, போஸ்ட்கோட். நிரப்பாமல் நகர விடமாட்டேன் என்று நின்ற கடையே அந்தச் சொல்லை அச்சடிக்கவில்லை.