1992: என் கேசட்டின் ஏ பக்கமும் பி பக்கமும்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் டைம்லைன் முழுக்க "இந்த ஆண்டின் டாப் 10 ஆல்பம்" பதிவுகள்தான். நானும் நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடப் பார்த்தேன். தனிப் பாட்டாக இருபது வந்தது. ஆல்பமாக ஒன்றுகூடத் தேறவில்லை. முதல் சிங்கிள், ரெண்டாவது சிங்கிள், அதற்கு ஒரு ப்ரோமோ, படம் வந்தபின் மிச்சம் மீதி என்று தவணையில் வந்து சேர்வதை நான் எங்கே ஆல்பமாகக் கேட்டேன்? பிடித்ததைத் தூக்கி பிளேலிஸ்ட்டில் போட்டுவிடுகிறேன். அதோடு கூடப்பிறந்த பாட்டுகள் எவை என்று யாராவது கேட்டால் முழிப்பேன்.

அதனால், கொஞ்சம் லேட்டாக, 1992-க்கான என் பட்டியலைப் போடுகிறேன். அந்த வருஷம் போட முகநூல் இல்லை. பாக்கி இருக்கிறது.

நான் அப்போது பத்தாம் வகுப்பு, கோவில்பட்டி. தீபாவளிக்குக் கிடைத்த காசில் ஒரு 60 நிமிட கேசட் வாங்கி, ரெக்கார்டிங் கடை அண்ணனிடம் கொடுத்தேன். ஏ பக்கம் 'ரோஜா', பி பக்கம் 'தேவர் மகன்'. மூன்று நாள் கழித்து வரச் சொன்னார், ஆறு நாள் ஆனது. அட்டையில் பச்சை மையில் பாட்டு வரிசையை அழகாக எழுதியிருந்தார். ஏ பக்கத்தின் கடைசியில் நான் கேட்காத ஒரு பாட்டு: 'வானமே எல்லை' படத்தின் 'கம்பங்காடே'. "இடம் மிச்சம் இருந்துச்சு தம்பி, சும்மா விட மனசு வரலை" என்றார். இன்றைக்கும் எங்கே 'தமிழா தமிழா' கேட்டு முடித்தாலும் அடுத்து 'கம்பங்காடே' வரும் என்று என் காது காத்திருக்கிறது.

அவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்த ஒட்டு சரியான ஒட்டு. 'புதுப் புது அர்த்தங்கள்' வந்தது 1989-இல். அதற்குப் பிறகு பாலசந்தர் இயக்கிய எந்தப் படத்துக்கும் இளையராஜா இசையமைக்கவில்லை. 1992-இல் அவருடைய கம்பெனியான கவிதாலயாவிலிருந்து மே மாதம் 'வானமே எல்லை' வந்தது, இசை மரகதமணி. ஜூனில் 'அண்ணாமலை', தேவா. ஆகஸ்ட் 15-இல் 'ரோஜா', புதுப் பையன் ரஹ்மான். நாலு மாதத்துக்குள் ஒரே கம்பெனி மூன்று இசையமைப்பாளர்களை இறக்கிவிட்டது, மூன்றும் ஊர் முழுக்க ஒலித்தன. ரஹ்மான் வானத்திலிருந்து குதித்த மாதிரி இன்று பேசுகிறோம். அந்தக் கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. திறந்த கதவு வழியே இப்படி ஒருத்தர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் உண்டு, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. 'ரோஜா' வந்ததோடு ராஜா முடிந்தார் என்பது. பல வருஷம் கழித்துப் பின்னோக்கி எழுதிய கதை அது. அந்த வருஷத் தீபாவளிக்கு வந்த படங்களைப் பாருங்கள்: 'தேவர் மகன்', 'பாண்டியன்', 'ராசுக்குட்டி', 'திருமதி பழனிச்சாமி', 'செந்தமிழ்ப் பாட்டு'. அஞ்சுக்கும் ராஜா. (கடைசிப் படத்துக்கு எம்.எஸ்.வி.யும் சேர்ந்து. அதில் 'சின்னச் சின்னத் தூறல் என்ன' என்று ஒரு பாட்டு. ஒரே வருஷத்தில் இரண்டு 'சின்னச் சின்ன'. டீக்கடையில் ரேடியோ "சின்னச் சின்ன" என்று ஆரம்பித்தால் எது வரப்போகிறது என்று பந்தயம் கட்டுவோம்.) முடிந்துபோன ஆள் இப்படியா தீபாவளி கொண்டாடுவார்?

'ரோஜா'வைப் பற்றி ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதிலும் பாதி கிழிந்தது. அதில் வாத்தியமெல்லாம் குழைந்து ஒரே சத்தமாக வந்தது. பிறகு ஒருநாள் எட்டயபுரத்திலிருந்து தனியார் பஸ்ஸில் வரும்போது, பின் சீட்டில் என் தலைக்கு மேலேயே ஸ்பீக்கர். 'ருக்குமணி ருக்குமணி' போட்டார்கள். அடியில் ஓடும் அந்தத் தாளம் சீட்டுக் கம்பி வழியாக முதுகில் ஏறியது. அன்றைக்குத்தான் புரிந்தது, கோளாறு பாட்டில் இல்லை, எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்திருக்கிறது. பாட்டைக் கேட்டுப் பாட்டை வாங்கிய ஊரில், பாட்டைக் கேட்டு ஸ்பீக்கர் வாங்கினார்கள். 'ரோஜா' செய்த புரட்சி என்றால் என் கணக்கில் அதுதான்.

அந்த ஆல்பத்தில் எல்லாரும் 'சின்னச் சின்ன ஆசை'யைச் சொல்வார்கள். என் ஓட்டு 'புது வெள்ளை மழை'க்கு. காஷ்மீரில் எடுக்க முடியாமல் மணாலிப் பக்கம் போய் எடுத்தார்கள் என்று பிறகு படித்தேன். கோவில்பட்டி வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவனுக்கு எந்த மலையாக இருந்தால் என்ன? தொடக்கத்தில் குரல்கள் அலையலையாக ஏறி வரும், அப்புறம் உன்னி மேனன் அவசரமே இல்லாமல் நுழைவார், சுஜாதா பனிக்காற்று மாதிரி பக்கத்தில் வந்து நிற்பார். 'தமிழா தமிழா' மட்டும் எனக்கு எப்போதும் பள்ளிக்கூட ஆகஸ்ட் 15 மாதிரிதான். ஹரிஹரன் மன்னிக்க வேண்டும்.

சரி, பி பக்கம். என் 1992-இன் முதலிடம் 'தேவர் மகன்'.

'இஞ்சி இடுப்பழகி' காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். விசில் அடிக்கச் சொன்னால் ரேவதிக்கு வெறும் காற்றுதான் வரும். பாட்டும் அந்தக் காற்றிலிருந்துதான் பிறக்கிறது. ஏறக்குறைய வாத்தியமே இல்லாமல், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கூசிக்கொண்டே ஜானகி ஆரம்பிப்பார். பாடத் தெரியாத பெண் பாடுவதுபோலப் பாட, அவ்வளவு பாடத் தெரிந்திருக்க வேண்டும். தேசிய விருது கொடுத்தார்கள், சரிதான். அதே கேசட்டில் 'வானம் தொட்டுப் போனா'. எஸ்.பி.பி. அதைப் பாடும்போது எங்கள் தெருவில் சாவு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஞாபகம் வரும். அப்புறம் 'மாசறு பொன்னே', பூஜையறை விளக்கு மாதிரி, மாயாமாளவகௌளையில். வெட்கத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. மூன்றும் ஒரே ஊருக்குள்ளிருந்து வந்த சத்தமாக இருக்கும். ஒரு பாட்டின் வாசலில் நின்று பார்த்தால் அடுத்த பாட்டின் வீடு தெரியும். ஆல்பம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் பி பக்கத்தின் முதல் பாட்டு 'போற்றிப் பாடடி பொண்ணே'. இதைச் சொல்லாமல் தாண்டினால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். என்னோடு படித்த ஒருவன் சாயங்காலம் வீட்டுக்கு வருவான், சேர்ந்து கணக்குப் போடுவோம், கேசட் ஓடும். பி பக்கம் திருப்பினதும் "முதல் பாட்டை ஓட்டிவிடு" என்பான். ஏன் என்று கேட்டால் "பிடிக்கலை" என்பான். வாலி எழுதி ராஜா மெட்டுப் போட்ட பாட்டு இவனுக்கு எப்படிப் பிடிக்காமல் போகும் என்று எனக்கு ஆச்சரியம். இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் தென்மாவட்டம் சாதிச் சண்டையில் போன போக்கில், சாதிப் பெருமை பாடும் அந்தப் பாட்டு அவனுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று புரிந்தது. அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வண்டிகள் வரும்போது கடையை இழுத்துச் சாத்தி, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் உண்டு. அவன் வீடும் அதில் ஒன்று. படம் கடைசியில் அரிவாளைக் கீழே போடச் சொல்கிறது என்பதெல்லாம் சரி. பாட்டு தியேட்டருக்கு வெளியே வந்து தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டால் படம் அதன் பின்னால் ஓடிப்போய் விளக்கம் சொல்லுமா? மெட்டு அபாரம்தான். இன்றைக்கும் நான் அதை ஓட்டிவிட்டு அடுத்ததிலிருந்துதான் கேட்கிறேன். முதலிடம் கொடுத்த ஆல்பத்தின் முதல் பாட்டையே தாண்டுகிறவன் என்ன ரசிகன் என்று கேட்டால், இந்த மாதிரி ரசிகன்.

ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும் நடுவில் ஒரு குரல் இருந்ததை நான் வெகுகாலம் கவனிக்கவே இல்லை. 'சின்னச் சின்ன ஆசை' பாடிய மின்மினிதான் சுவர்ணலதாவோடு 'மாசறு பொன்னே' பாடியவர். அதே ஆண்டு வந்த 'மீரா'வில் அவரை அறிமுகப்படுத்தியது ராஜா. ராஜாவா ரஹ்மானா என்று நாம் கட்சி கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் இந்தக் கொட்டகையிலும் அந்தக் கொட்டகையிலும் பாடிவிட்டு அமைதியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வருஷம் லண்டனில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் குரல் போய்விட்டது. ஒரு கேசட்டின் இரண்டு பக்கமும் நின்ற குரல்.

தேசிய விருதுக் கதை பலருக்குத் தெரியும். இசைக்கான விருதில் 'ரோஜா'வும் 'தேவர் மகனு'ம் சம ஓட்டில் நிற்க, நடுவர் குழுத் தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் ஓட்டை ரஹ்மானுக்குப் போட்டார். 'மூடுபனி'யிலிருந்து ராஜாவை விட்டு நகராத மனிதர். அந்த ஆண்டு தொடக்கத்தில் வந்த அவருடைய 'வண்ண வண்ணப் பூக்க'ளுக்கும் ராஜாதான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் ஓட்டு மாறியிருக்கும். ஆனால் அவர் போட்டது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது இடம் 'நாடோடித் தென்றல்'. பாரதிராஜா படம், வெள்ளைக்காரன் காலத்துக் கதை, பாட்டெல்லாம் ராஜாவே எழுதியது. 'மணியே மணிக்குயிலே' உங்களுக்குத் தெரியும். 'ஒரு கணம் ஒரு யுகமாக' கேட்டுப் பாருங்கள், ராஜாவும் ஜானகியும். இதை இயர்போனில் கேட்கக்கூடாது, பக்கத்து அறையில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். அடுத்த வருஷம் 'கிழக்குச் சீமையிலே'வுக்கு பாரதிராஜாவும் ரஹ்மானிடம் போய்விட்டார் என்பது தெரிந்து கேட்டால் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

மற்றதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'அண்ணாமலை'யில் பால்காரன் பாட்டைவிட ஜேசுதாஸின் 'ஒரு பெண்புறா'. சூப்பர் ஸ்டார் என்று ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும் அந்தத் தலைப்பு இசையும் இந்தப் படத்தில் தேவா போட்டதுதான். 'சின்னக் கவுண்ட'ரில் 'முத்துமணி மாலை', சுசீலாவுக்காக. 'மன்ன'னில் ரஜினியே பாடிய 'அடிக்குது குளிரு'. பள்ளிக்கூடத்தில் அதைப் பாடாத பையன் கிடையாது, நல்லவேளை யாரும் பதிவு செய்யவில்லை. ஆதித்யனின் 'அமரன்'. இந்தப் பெயரைச் சொன்னதும் என் மகள் "சிவகார்த்திகேயன் படம்தானே?" என்றாள். இல்லம்மா, இது கார்த்திக் வெத்தலை போட்டுப் பாடினது.

எல்லாம் தங்கமா என்றால், இல்லை. அந்த வருஷம் நான் ஃபார்வர்டு பட்டனைத் தேய்த்த அளவுக்கு வேறு எந்த வருஷமும் தேய்க்கவில்லை. பதினைந்து வயதுக் காது வேறு. அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

கேசட் இன்னும் இருக்கிறது, போட்டுக் கேட்கப் பெட்டிதான் இல்லை. 'செம்பருத்தி' எங்கே, 'சிங்காரவேலன்' எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்டில் வரலாம். 'சூரியன்' கட்சிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 'பதினெட்டு வயது' பாட்டை எங்கள் அம்மா கேட்டுவிட்டு, "கந்த சஷ்டி கவசத்தை எதுக்குடா இவ்வளவு வேகமா போடுறாங்க?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பாட்டு வேறு எதுவாகவும் கேட்கவில்லை.