அண்ணனின் மாத்திரைச் சீட்டு

அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து பதினாலு மாதம் ஆகிறது. காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்கு ராத்திரி திரும்பும்போது நாய் குறுக்கே வந்துவிட்டது. ஹெல்மெட் டேங்க் மேலே இருந்தது. தலையில் ரத்தக்கட்டு, மதுரையில் ஆபரேஷன், பன்னிரண்டு நாள் ஐசியூ. அதையெல்லாம் அப்போதே இங்கே எழுதியிருக்கிறேன். ரத்தம் கொடுக்க ஓடி வந்தவர்களை மறக்கவில்லை. இன்றைக்கு எழுத வந்தது மாத்திரையைப் பற்றி.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஏழு மருந்து. மதினி அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மாதாமாதம் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கினோம். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, எழுத்து மங்கிய பிறகும் அதே ஏழு மருந்து. எது எதற்கு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உயிரைக் காப்பாற்றியவர்கள் எழுதிக் கொடுத்தது, அதில் போய் என்ன கேள்வி என்று இருந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணனுக்குக் கோபம் வர ஆரம்பித்தது. சாதாரணக் கோபம் இல்லை. குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டை விசிறினார். அதுவரை மகனை அதட்டிக்கூடப் பேசாதவர், ஒருநாள் அவன் மேல் கை ஓங்கிவிட்டார். பிள்ளை முகப்புத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை என்னால் மறக்க முடியாது. ஆத்தா கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டு ஆச்சி, "மண்டையில அடிபட்டா அப்படித்தான் இருக்கும், இனிமே இப்படியே வச்சுப் பாத்துக்க வேண்டியதுதான்" என்றார். நாங்களும் நம்பினோம். ராத்திரி அடங்கிக் கிடந்தால் போதும் என்று தூக்க மாத்திரை கேட்கிற அளவுக்குப் போய்விட்டோம்.

ஆறாவது மாதம் வேறொரு நியூரோ டாக்டரிடம் காட்டினோம். அவர் சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இவருக்கு ஃபிட்ஸ் வந்துச்சாம்மா?" என்றார். ஒருதடவைகூட வரவில்லை. "அப்ப இது ஏன் இன்னும் ஓடுது?" என்று ஒரு வரியில் விரலை வைத்தார். லெவிடிரசிட்டம். வலிப்பு வராமல் தடுக்கும் மாத்திரை. நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடும்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தலைக்காயம் பட்ட 404 பேரிடம் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தைச் சோதித்திருக்கிறார்கள். முதல் வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 3.6 சதவீதம் பேருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களில் 14.2 சதவீதம் பேருக்கும் வலிப்பு வந்திருக்கிறது. அந்த வாரம் தாண்டிய பிறகு வந்த வலிப்புகளில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் வலிப்பே வராதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதை முதல் ஏழு நாளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு ஆரம்பத்தில் எழுதியது சரி. எப்போது நிறுத்துவது என்றுதான் யாரும் எழுதவில்லை.

டாக்டர் ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் தயவுசெய்து வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம். வலிப்பு வந்தவர்கள் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கே வேறு.

ஒரு மாதத்தில் தட்டு விசிறுவது நின்றது. சத்தமும் அலைச்சலும் இருந்தால் இப்போதும் சிடுசிடுப்பார். அது காயத்தின் மிச்சம். அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டோம்.

அந்தச் சீட்டில் விலை அதிகமான மருந்து சிட்டிகோலின். மூளைக்குச் சத்து என்று சொன்னார்கள். மதினி கம்மலை அடகு வைத்து வாங்கினார். 2012இல் வெளியான பெரிய ஆய்வில் தலைக்காயம்பட்ட 1,213 பேரிடம் சோதித்துப் பார்த்து, 90 நாள் கழித்து, வெற்று மாத்திரையைவிட இது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை என்று கண்டிருக்கிறார்கள். அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. கம்மல் போனதுகூடப் பெரிதில்லை. அந்தப் பணத்தில் எத்தனை நாள் பிசியோதெரபி செய்திருக்கலாம் என்ற நினைப்புத்தான் வாட்டியது.

சரி, மாத்திரையே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. அதே டாக்டர் புதிதாக ஒன்று சேர்த்தார். அமன்டடின். 1960களில் ஃப்ளூ காய்ச்சலுக்கு வந்த மருந்து, பிறகு பார்க்கின்சன் நோய்க்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் அப்போது டிவி முன்னால் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் நமக்கே கேள்வி மறந்துவிடும். "நாலு வாரம் கொடுத்துப் பாப்போம். பலன் தெரியலைன்னா நிறுத்திடுவோம்" என்றார் டாக்டர். கிட்னி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். காலையும் மதியமும் மட்டும், சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் கெடும் என்றார். ஒரு மருந்தைப் பற்றி எங்களுக்கு இவ்வளவு விவரம் சொன்னது அவர் ஒருவர்தான்.

இந்த மருந்துக்கும் 2012இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. 184 பேர், அண்ணனைவிட மோசமாக, சுயநினைவு சரியாகத் திரும்பாமல் கிடந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெற்று மருந்து. மருந்து பெற்றவர்கள் அந்த நாலு வாரமும் வேகமாகத் தேறியிருக்கிறார்கள். நிறுத்திய அடுத்த இரண்டு வாரத்தில் அந்த வேகம் குறைந்து, மற்றவர்களும் கிட்டத்தட்ட அவர்கள் நிலைக்கு வந்துவிட்டார்கள். அண்ணனிடம் நான் பார்த்ததும் அப்படி ஒரு தள்ளிவிடல்தான். ஐந்து நிமிடத்தில் தலை தொங்கிப் போனவர் அரை மணி நேரம் பயிற்சிக்கு உட்கார்ந்தார். பயிற்சியைச் செய்தது அவர்.

அமன்டடின் ஆரம்பித்த இரண்டாவது மாதம், அண்ணன் வேலை பார்த்த ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்குக் கூட்டிப் போனோம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணச் சாந்தை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்ற வேண்டும். இருபது வருடம் பார்க்காமலே செய்த கை நடுங்கியது. சிவப்பு மஞ்சளுக்குள் வழிந்தது. அவர் கோபப்படவில்லை. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். அன்றைக்கு நாலு கல். மூன்று தேறவில்லை. நாலாவது எங்கள் வீட்டு சாமி அறையில் இருக்கிறது.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எங்களுக்கும் அது பெரிய உதவி. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீடு தேடி வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். தலைக்காயத்தோடு வீடு திரும்புகிறவர்களின் மாத்திரைச் சீட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டாக்டர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கிராமத்தில் பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் மருந்தின் பெயர், எதற்கு, என்றைக்கு ஆரம்பித்தது, என்றைக்கு நிறுத்துவது, பிறகு என்ன மாற்றம் தெரிந்தது என்று எழுதி வைக்கிறோம். ஏழு மருந்து மூன்றாகிவிட்டது. போன தடவை அந்த நோட்டை அண்ணனே தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார். யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.