டீக்கும் கணக்கு வைத்தவர்

ராமேஸ்வரம் பக்கம் பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தைப் பார்க்க வருகிறவர்கள், "என்ன எளிமையான மனுஷன்!" என்று சொல்லிவிட்டு அப்படியே தனுஷ்கோடிக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். உண்மைதான். ஆனால் எளிமையைப் புகழ நமக்குக் கைக்காசு எதுவும் செலவாகாது. நம் ஊர்த் தலைவர்கள் அவரிடம் படிக்க வேண்டியது கணக்கு வைக்கிற பழக்கத்தை.

2006 மே மாதம் ராமேஸ்வரத்திலிருந்து அவருடைய சொந்தபந்தங்கள் 52 பேர் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார்கள். அறைக்கு வாடகை, சாப்பாட்டுக்குக் காசு, குடித்த டீக்குக்கூடக் கணக்கு. அஜ்மீர் போய்வர பஸ் பிடித்ததும் அவர் செலவில்தான். அரசு கார் எதையும் தொடவில்லை. எல்லாரும் ஊர் திரும்பியதும் 3 லட்சத்து 52 ஆயிரம் ரூபாயைச் சொந்தப் பணத்திலிருந்து கட்டினார். அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் பிற்பாடு சொல்லித்தான் இது நமக்குத் தெரியும். அத்தனை பெரிய மாளிகையில் சொந்தக்காரர்கள் தங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்க ஆளில்லாத இடத்தில் கணக்கு எழுதினாரே, எனக்கு அதுதான் பெரிது.

அதே மே மாதம்தான், ஆதாயம் தரும் சில பதவிகளில் இருந்தாலும் எம்.பி. பதவி பறிபோகாமல் காக்கிற மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் அரசியல் சட்டப்படி கையெழுத்திட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டார், எல்லையையும் தாண்டவில்லை.

இந்தக் குணத்தின் வேர் ராமேஸ்வரத்தில் இருக்கிறது. அங்கே பஞ்சாயத்து போர்டு தலைவராக இருந்த அவருடைய அத்தா ஜைனுலாப்தீன், யாரோ தட்டில் கொண்டுவந்த பரிசை மகன் வீட்டில் வாங்கி வைத்ததற்காக அடித்திருக்கிறார். கலாமே மேடைகளில் சொன்னது இது. வீட்டுக்கு வந்த தட்டு உண்மையில் பதவிக்கு வந்த தட்டு என்று அந்த மனிதருக்குப் புரிந்திருந்தது.

சரி, இன்றைக்கு நம் கரைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கூலிக்குக் கடலுக்குப் போகிறவர் வீட்டில் நிவாரணத்தை நம்பித்தான் அடுப்பெரியும். பட்டியலில் பேர் விட்டுப்போன ஓர் அக்காவைக் கூட்டிக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகப் படியேறுகிறவரே எனக்குத் தலைவர். ஊழியம் என்றால் அந்த அலைச்சல்தான். சால்வையும் கட்-அவுட்டும் அதில் சேராது.

கிராம சபையில் வரவு செலவை வாசிக்க வேண்டும். எங்கள் பக்கம் பல நேரம் நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு கூட்டம் கலைந்துவிடுகிறது. நாமும் எழுந்து கேட்பதில்லை.

அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன்: மீன் ஏலக் கூடத்துச் சுவரில் மாதாமாதம் ஊராட்சியின் வரவு செலவை ஒட்டுவீர்களா? உங்கள் மச்சானுக்குப் போன ரோடு வேலையும் அதில் இருக்குமா?