கையெழுத்திடாத சம்மதம்

சென்ற மாதம் எங்கள் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த துக்க வீட்டில், உறவினர் ஒருவர் இப்படிச் சொல்லக் கேட்டேன்: "உறுப்பு தானம் செய்வதாக நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் என் உடம்பை யாரும் தொட முடியாது." அருகில் இருந்த பலரும் தலையாட்டினார்கள். சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறானது என்பதை அந்த இடத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

1987ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 21 வயதை எட்டிய, மனநலம் குன்றாத சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காதவரை, மருத்துவமனையில் இறந்தபின் உறுப்பு வழங்கச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். தொடக்கத்தில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களுக்கு மட்டுமே பொருந்திய சட்டம், 2004இல் கல்லீரல், இதயம், கருவிழிப் படலம் ஆகியவற்றுக்கும் எல்லாவகை மரணங்களுக்கும் விரிந்தது. 2008இல் முஸ்லிம்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள். 60 என்றிருந்த வயது உச்சவரம்பு 2009இல் நீங்கியது.

முழு உடலைத் தானம் செய்வது வேறு. அது 1972ஆம் ஆண்டின் மருத்துவ (சிகிச்சை, கல்வி, ஆய்வு) சட்டத்தின் கீழ் வருகிறது. 18 வயதானவர் தாமே முன்வந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும். மருத்துவ மாணவர்களின் கல்விக்கு உடல் செல்வது இந்த வழியில்தான். நம்மவர்கள் இவ்விரு சட்டங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், நான்கு உறுப்புகளைப் பற்றிய பேச்சு எழுந்தாலே, மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோக உடலே மிஞ்சாது என்று அஞ்சுகிறார்கள். உறுப்புகளை எடுத்தபின் உடல் தைக்கப்பட்டுக் குடும்பத்திடமே ஒப்படைக்கப்படுகிறது. ஈமச் சடங்குகளை வழக்கம்போலச் செய்யலாம்.

இந்தச் சட்டத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆட்சேபம் தெரிவித்தவருக்குப் பின்னாளில் அதே உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் அவருக்கு முன்னுரிமை குறையும் என்பதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. மூளைச்சாவை உறுதிப்படுத்தும் இரு மருத்துவர்களும் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தவர்களாகவோ உறுப்பை எடுக்கும் குழுவைச் சேர்ந்தவர்களாகவோ இருக்கக்கூடாது என்ற விதி, என் ஐயங்களில் பெரும்பகுதியைத் தீர்த்தது.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கைச் சுவாசத்தால் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, உடம்பில் சூடும் தணியாதிருக்கும் பிள்ளையின் அருகே நிற்கும் ஒரு தாய், சட்டம் எப்போதோ ஊகித்துக்கொண்ட சம்மதத்தைப் பற்றி அந்த நிமிடத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறாள் என்றால், அது அவளுக்குத் தானமாகத் தெரியாது, பறிப்பாகவே தெரியும். இந்தச் சட்டத்தைப் பற்றி 21 வயதில் வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பிள்ளை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்தால் போதாது. நம் காலத்துக்குப் பிறகு மத்திய சேமநிதிப் பணம் யாருக்கு என்று வீட்டில் கூடிப் பேசும் நாம், இதை அபசகுனம் என்று ஏன் ஒதுக்க வேண்டும்?

என் மகளுக்கு அந்தக் கடிதம் வந்த அன்று, இரவு உணவின்போது எல்லோர் முன்னிலையிலும் அதைப் படிக்கச் சொன்னேன். என் அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் இதென்ன பேச்சு என்றார். பிறகு, கண்ணை எடுத்தால் முகம் எப்படி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டார். முகம் மாறாதபடி கவனமாக எடுப்பார்கள் என்று பேத்தி சொல்ல, பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.