சுவான்சோவின் மேற்குத் தெருவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

சித்திரை பிறந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு சீனாவின் ஃபுஜியன் மாநிலத்தில் உள்ள சுவான்சோ நகரத்துக்குப் போகிறேன். குவாங்சோ வேறு, சுவான்சோ வேறு. தமிழில் எழுதும்போது பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போவது அந்த ஊரின் மேற்குத் தெரு ஒன்றுக்காகத்தான். தாங் அரச மரபின் காலத்திலிருந்து மக்கள் நடமாடிக்கொண்டிருக்கும் அந்தத் தெருவைக் காலையிலிருந்து இரவு வரை நடந்தே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நம்மவர்கள் அங்கே போனால் அங்குள்ள கோயிலில் இந்துத் தெய்வ உருவங்கள் செதுக்கிய இரண்டு தூண்களைப் படம் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நானும் ஒருமுறை அப்படித்தான் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு சுற்றுலாக் குழுவோடு போயிருந்தபோது, மேற்குத் தெருவில் உள்ள கையுவான் என்ற புத்தர் கோயிலுக்கு எங்களுக்குக் கொடுத்த நேரம் 40 நிமிடம். அதில் பாதி நேரம் வாசலில் குழுப் படம் எடுப்பதிலேயே போயிற்று. பெரிய கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது வழிகாட்டியின் கொடி வாசலை நோக்கித் திரும்பிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. பதினாறு பட்டைகள் கொண்ட கருங்கல் தூணில், என் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு வட்டத்துக்குள் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தியிருந்தார். இன்னொரு வட்டத்தில் குழந்தைக் கண்ணன் உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே தவழ்ந்தான். கும்பகோணத்துக் கோயில் மண்டபங்களில் அம்மா எனக்குக் கதை சொல்லிக் காட்டிய அதே உருவங்கள் புத்தர் கோயிலின் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் முன் நிற்க எனக்கு நான்கு நிமிடங்கள்கூடக் கிடைக்கவில்லை. அன்று இரவு அம்மாவோடு தொலைபேசியில் பேசியபோது, "இன்னும் என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்தத் தூண்களைப் பற்றி வாட்சப்பில் சுற்றும் செய்திகள் பெரும்பாலும் 'சீனாவில் சோழர் கட்டிய சிவன் கோயில்' என்றே தொடங்குகின்றன. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குத் தூதுக்குழுக்களை அனுப்பியது உண்மை. ஆனால் சுவான்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203 சித்திரை மாதத்தைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 1281. அப்போது சோழப் பேரரசு முடிந்துபோயிருந்தது. சீனாவை ஆண்டவர் மங்கோலியரான குப்லாய் கான். தவச்சக்கரவர்த்திகள் என்ற பெயரும் உடைய சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் நலனுக்காகவும் கானின் பர்மான்படியும் (அரசாணைப்படியும்) திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை, அதாவது சிவனை, எழுந்தருளச் செய்ததாக அந்தக் கல் சொல்கிறது. பேரரசனின் படை எதுவும் துணைக்கு இல்லாத அயலூரில், அந்த ஊர் ஆட்சியிடம் முறையாக அனுமதி பெற்று, அதைக் கல்லில் தமிழிலேயே எழுதி வைத்து, கீழே சீன எழுத்திலும் ஒரு வரி பொறித்துவிட்டுப் போன அந்த மனிதர்களின் வாழ்க்கை, எனக்கு எந்த மன்னரின் வெற்றிச் செய்தியைவிடவும் நெருக்கமாகப் படுகிறது. கடல் கடந்து பிழைக்க வந்தவன் என்பதால் அப்படித் தோன்றலாம்.

அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரத்தில் மூண்ட கலகங்களுக்கும் ஆட்சி மாற்றத்துக்கும் பிறகு அதன் கற்கள் சிதறி, சில மதில்சுவருக்கும் சில வேறு கோயில்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது வெளிவந்த கற்களை வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் தேடித் தேடிச் சேகரித்து, பின்னர் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். சிவனும் திருமாலும் யாளியும் செதுக்கிய கற்களோடு அரபு எழுத்துக் கல்லறைகளும் சிலுவை பொறித்த கற்களும் அவருடைய சேகரிப்பில் இருந்தன. அந்த மனிதர் இல்லையென்றால் இன்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள மிகக் குறைவான சான்றுகளே மிஞ்சியிருக்கும். அவர் பெயரையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி நடைக்கு வருகிறேன். தெருவின் கிழக்கு முனையில் 1934இல் கட்டிய வெள்ளை நிற மணிக்கூண்டு இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் அதன் அடியில் நின்றுவிட வேண்டும் என்பதே என் திட்டம். அங்கிருந்து கோயில் வாசலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். செங்கல்லும் கருங்கல் துண்டுகளும் மாறி மாறி வைத்துக் கட்டிய சுவர்களையும், தகைவிலான் குருவியின் வால்போல இரு முனைகளும் மேலே வளைந்த கூரை முகடுகளையும் அந்த நேரத்தில்தான் கூட்டத்தின் தலைகள் மறைக்காமல் பார்க்க முடியும். தெரு குறுகலானது; மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். அம்மா கடைப் பக்கமாகவும் நான் வண்டிப் பக்கமாகவும் நடக்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறேன்.

கையுவான் கோயில் 686இல் தொடங்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் தொங்கும் இரட்டை வரி, இந்த இடத்தைப் பழங்காலத்தில் புத்தரின் நாடு என்று அழைத்தார்கள், தெரு முழுக்க ஞானியர் என்று பொருள்படும். ஜு ஷி என்ற, சோங் அரச மரபின் காலத்து அறிஞருடையது என்று கருதப்படும் அந்த வரிகளைத் தம் கையால் எழுதியவர், 1942இல் இதே ஊரில் மறைந்த துறவி ஹோங் யி. உள்ளே ஆலமரங்கள் நிழல் பரப்பும் நீண்ட முற்றத்தில் உட்கார்ந்து எழுந்து மெதுவாகப் போகலாம். கூடத்தின் மேடையைச் சுற்றி, மனித முகமும் சிங்க உடலுமாகச் செதுக்கிய எழுபதுக்கும் மேற்பட்ட கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். இவையும் அந்தச் சிவன் கோயிலிலிருந்து வந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூடத்துக்குள் நிமிர்ந்து பார்த்தால், தூண்களின் உச்சியில் சிறகுகள் விரித்த 24 மர உருவங்கள் கையில் இசைக்கருவிகளும் காணிக்கைப் பொருட்களும் ஏந்தி, விட்டங்களைத் தாங்குகின்றன. அதன் பிறகுதான் பின்பக்கத் தூண்களுக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். முன்னால் இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனால்தான், அந்தத் தூண்களை இந்தக் கட்டடம் எவ்வளவு இயல்பாகத் தன்னுடையதாக்கிக்கொண்டது என்று புரியும்.

இரண்டு கற்கோபுரங்களுக்காக ஒரு சிறிய தொலைநோக்கி எடுத்துப் போகிறேன். மேற்குக் கோபுரம் 44 மீட்டர், 1237இல் முடிந்தது. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், 1250இல் முடிந்தது. 1604இல் வந்த பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி இரண்டும் நிற்கின்றன. மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் குரங்கு முகத்தோடு வாள் ஏந்திய ஓர் உருவம் இருக்கிறது. அது அனுமன் வழி வந்ததா, சீனக் கதைகளின் குரங்கு வீரனா என்ற வாதம் நீண்ட நாளாக நடக்கிறது. தரையிலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் கல்லில் ஒரு நிழல்தான் தெரியும். கோயில் வளாகத்திலேயே 1974இல் ஹௌஜு துறைமுகச் சேற்றிலிருந்து எடுத்த சோங் காலத்துக் கப்பலின் அடிப்பாகமும் இருக்கிறது. 24 மீட்டர் நீளம், குறுக்குப் பலகைகளால் தடுத்த 13 அறைகள். அவற்றுக்குள் வாசனை மரங்கள், மிளகு, பாக்கு எல்லாம் கிடைத்தன. தூண்களைப் பார்த்த கையோடு இந்தக் கப்பலையும் பார்க்காமல் திரும்புவது, விளைச்சலைப் பார்த்துவிட்டு வயலைப் பார்க்காமல் வருவதைப் போன்றது.

நண்பகலில் வெயிலோ மழையோ, பக்கத்துச் சந்துகளுக்குள் போய்விட வேண்டும். மேற்குக் கோபுரத்தை ஒட்டிய பழைய விடுதிச் சந்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கோபுரம் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். சாப்பாட்டில்தான் அம்மாவுக்கு நான் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தெருவில் பெயர்பெற்ற மெல்லிய சேமியாக் கஞ்சியில் கடல் உணவோ பன்றி இறைச்சியோ சேராமல் இருப்பது அரிது. 'வோ ச்சி சு' (நான் சைவம் சாப்பிடுகிறேன்) என்ற மூன்று சொற்களை அம்மா இப்போதே பழகிக்கொண்டிருக்கிறார். வேர்க்கடலைக் கஞ்சியும், குளிர்ந்த பழக்கலவையும் தயங்காமல் வாங்கலாம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது: நாம் உணவங்காடியில் வாங்கும் பொப்பியாவின் தாய்வீடு இந்தப் பக்கம்தான். எங்கள் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பாட்டி பேசும் ஹொக்கியன் மொழியும் இங்கிருந்து போனதுதான். அவருடைய அப்பா இந்த ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர்.

தெருவில் இப்போது இளம்பெண்கள் பலர் தலையில் பூவளையம் சூடிப் படம் எடுத்துக்கொள்வதைக் காணலாம். அது நகரத்தை அடுத்த ஷுன்பு மீனவர் குடியிருப்புப் பெண்களின் வழக்கம். கொண்டையைச் சுற்றி மல்லிகை வகை மொட்டுகளையும் மற்ற பூக்களையும் வரிசை வரிசையாக வைப்பார்கள். சமீப ஆண்டுகளில் இது பெரிய வாடகைத் தொழிலாகிவிட்டது. கடைகளில் சூடுபவை பலவும் துணிப்பூக்கள். அம்மா நிச்சயம் அதைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஆகவே மறுநாள் காலை ஷுன்புவுக்கே போய், உண்மைப் பூ சூடிய பாட்டிமார்களைப் பார்க்கவும் நேரம் வைத்திருக்கிறேன்.

கடல்சார் அருங்காட்சியகத்தையும், 1009இல் கட்டிய ச்சிங்ஜிங் பள்ளிவாசலையும் இரண்டாம் நாளுக்குத் தள்ளிவிட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்தால் பழைய தவறே மறுபடி நடக்கும். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் நீத்தார் நினைவு விடுமுறை, மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம் மூன்றையும் கண்டிப்பாகத் தவிருங்கள். அதே சமயம் சீனச் சந்திர மாதத்தின் 26ஆம் நாளில், அதாவது அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்பு, உள்ளூர் மக்கள் கையுவான் கோயிலுக்குத் திரண்டு வந்து வழிபடுவார்கள்; அந்த நாள் உள்ளே வரும்படி பயணத்தை அமைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்தக் கூட்டம் கோயிலுக்கு உரிய கூட்டம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவை. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை தேவையில்லை. ஷியாமெனில் இறங்கினால் அதிவேக ரயிலில் அரை மணி நேரம். கூகுள் வரைபடத்தை நம்பாமல் சீன வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். தமிழ்க் கல்வெட்டு ஷியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருப்பதால் திரும்பும் வழியில் அதற்கு ஒரு பகல் வைத்திருக்கிறேன்.

சுவான்சோவை அரபு வணிகர்கள் சைத்தூன் என்றார்கள். அது ஊரைச் சுற்றி 10ஆம் நூற்றாண்டில் நட்ட ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்தது. அந்த மரம் நம் கல்யாண முருங்கை. அதைச் சொன்னதும் அம்மா, கொல்லையில் இருந்த மரத்தின் இலையை அரைத்துத் தாம் அடை தட்டிய கதையை அரை மணி நேரம் சொன்னார். பிறகு கல்வெட்டின் வாசகத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். கல்லின் முன் நின்று எழுத்துக் கூட்டித் தாமே படிக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டேன், கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்.